கம்பிக்கு ஓய்வு கொடுக்கும் மாதம்

ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையில், ஆண்டு தவறாமல், தமிழக நாளேடுகளின் உட்பக்கங்களில் ஒரு சிறு செய்தி வரும். பழனி மலைக்கோயிலின் ரோப் கார் சேவை வருடாந்திரப் பராமரிப்புக்காக ஒரு மாதமோ நாற்பது நாட்களோ நிறுத்தப்படுகிறது. பக்தர்கள் படிப்பாதை, யானைப்பாதை, வின்ச் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். கூடவே, பக்தர்கள் அவதி என்றொரு துணைத் தலைப்பும் இருக்கும். நான்கு வரிகளில் முடிந்துவிடும் இந்தச் செய்திக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சில இடங்கள் இரத்தம் படிந்தவை.

இதை எழுதத் தூண்டியவை 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மூன்று வார இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகள். செப்டெம்பர் 3ஆம் திகதி போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில், 1885 முதல் ஓடிவந்த குளோரியா என்னும் மலைச்சரிவு இழுவை ரயிலின் கம்பிக்கயிறு கழன்றது. 16 பேர் இறந்தனர். செப்டெம்பர் 24ஆம் திகதி இரவு, நமது நாட்டிலேயே, குருநாகல் மாவட்டத்தின் நா உயன ஆரண்ய சேனாசனத்தில், மலைச்சரிவில் கம்பியால் இழுக்கப்படும் வண்டி ஒன்று கயிறு அறுந்து சரிந்தது. ஏழு பிக்குகள் உயிரிழந்தனர். லிஸ்பன் செய்தி உலகெங்கும் முதற்பக்கத்துக்குப் போனது. நா உயன ஒரு நாள் செய்தியாக அடங்கிவிட்டது. ஆயினும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழனியின் வின்ச்சும் அதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்தின் மூதாதை ஒரு சுரங்க அதிகாரி. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவ்ஸ்தால் சுரங்கங்களில் அதுவரை சணற்கயிற்றையும் இரும்புச் சங்கிலியையும் கொண்டே தாதுவை மேலே இழுத்தனர். சணல் ஈரத்தில் உக்கியது. சங்கிலியின் குறை வேறு விதமானது: ஒரு கண்ணி விட்டுப்போனால் முழுச் சங்கிலியும் போயிற்று, முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. 1834இல் வில்ஹெல்ம் அல்பேர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதன் சிறப்பு பலத்தில் மட்டும் இல்லை. ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் பாரத்தைத் தாங்கும். அறுந்த இழை வெளியே துருத்திக்கொண்டு நின்று, பார்ப்பவனுக்கு எச்சரிக்கை கொடுக்கும். ஒரே நிபந்தனை, பார்ப்பதற்கு ஒருவன் வேண்டும். அவன் பார்ப்பதற்காகக் கயிறு நிற்க வேண்டும். கம்பிவழிப் பயணத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்த நிபந்தனைமேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

சுரங்கத்திலிருந்து கயிறு மலைக்கு ஏறியது. தமிழர்கள் வாழும் மலைகளுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது, ஆனால் மனிதரை ஏற்ற அன்று, தேயிலையை இறக்க. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் கொளுவிப் பள்ளத்திலுள்ள ஆலைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. மூணாறுக்கு அருகில் ரொப் ஸ்டேஷன் என்றொரு ஊர் இருக்கிறது. பனிமூட்டத்தைப் பார்க்கப் போகும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும்? கண்ணன் தேவன் மலைத் தேயிலைப் பெட்டிகள் 1902 முதல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் குறுகிய ரயில் பாதையிலும் அங்கே வந்து சேர்ந்தன. அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. மேலிருந்த கம்பி நிலையமே ரொப் ஸ்டேஷன், மேல் நிலையம். 1924 பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சரக்கை ஏற்றிய கயிற்றில் உல்லாசப் பயணியை ஏற்றும் எண்ணம் பனிநாடுகளில் முதிர்ந்தது. பனிச்சறுக்குக்காரர்களைச் சரிவின் உச்சிக்குக் கொண்டுசெல்லும் நாற்காலி லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அமைத்த சன் வேலி விடுதியில் முதன்முதலில் ஓடியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன் என்ற பொறியியலாளர், கப்பலில் வாழைக்குலை ஏற்றும் கொக்கிக் கம்பியை நினைவில் வைத்துக்கொண்டு, கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். வெப்பநாட்டு வாழைக்குலைதான் பனிமலை லிஃப்டுக்கு முன்னோடி என்பது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும் செய்தி.

இந்தப் பனிமலை லிஃப்டுகளுக்கு ஒரு வசதி உண்டு. கோடையில் பனி இல்லை. ஆகவே பெரும்பாலான லிஃப்டுகளுக்கு வேலையும் இல்லை. கயிற்றைப் பரிசோதிக்கவும், கப்பிகளின் ரப்பர் வளையங்களை மாற்றவும், பெயரிங்குகளைக் கழற்றவும் இயற்கையே மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கித் தருகிறது. அப்படியிருந்தும் பருவம் தொடங்கும் நாளில்தான் தொல்லைகள் தலைகாட்டும். மாதக்கணக்கில் அசையாத பொறியில் கிறீஸ் இறுகியிருக்கும். இடி மின்னல் உணர்கருவிகளைக் கெடுத்திருக்கும். எலி மின்வயரைக் கடித்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகம் வந்திருக்காது. கீழே பயணிகள் வரிசை. மேலே திறக்காத லிஃப்ட். அன்று அதை இயக்கச் சொல்லி எழும் குரல்கள் அத்தனையும் பணத்தின் குரல்கள். நிறுத்தி வை என்று சொல்லும் குரல் ஒன்றே ஒன்று. அது பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு நிற்கும் ஒரு மெக்கானிக்கின் குரலாக இருக்கும்.

அந்த ஒற்றைக் குரலும் எழாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இத்தாலி காட்டியது. மஜ்ஜோரே ஏரிக்கரையில் ஸ்திரேசாவிலிருந்து மொத்தரோனே மலைக்கு ஏறும் கம்பிவண்டி, கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் அவசரத் தடை காரணமின்றி அடிக்கடி பிடித்துக்கொண்டது. கோளாறைச் சரிசெய்ய வேண்டுமானால் சேவையை நிறுத்த வேண்டும். நீண்ட முடக்கத்துக்குப் பின் வந்த பருவம். நிறுத்த மனம் வரவில்லை. தடை இயங்காதபடி கவை போன்ற இரும்புப் பூட்டை மாட்டிவிட்டு ஓட்டினார்கள். மே 23ஆம் திகதி, பெட்டி உச்சி நிலையத்தை எட்டும் தறுவாயில் இழுவைக் கயிறு அறுந்தது. பிடித்திருக்க வேண்டிய தடை பிடிக்கவில்லை. பெட்டி பின்னோக்கி விரைந்து கம்பத்தைக் கடந்து கீழே விழுந்தது. 14 பேர் இறந்தனர். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். பூட்டை மாட்டியது தெரிந்தே செய்த செயல் என்பது விசாரணையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இனிப் பழனிக்கு வருவோம். நமது மன்னார்க் கரையோர மக்களுக்குப் பழனி ஒரு காலத்தில் இன்று தோன்றும் அளவுக்குத் தொலைவாக இருக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயில் பிடிக்கும் வழி 1914இல் திறந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் 1984 வரை ஓடியது. அந்தக் கப்பலில் போன எங்கள் பெரியவர்களில் ஏறமுடியாதவர்களுக்கு 1966இல் ஒரு புதுமை காத்திருந்தது. மலைச்சரிவில் தண்டவாளம் பதித்து, கம்பிக்கயிற்றால் பெட்டியை இழுக்கும் முதலாவது வின்ச் அந்த ஆண்டில் வந்தது. 693 படி ஏறவேண்டிய மலையை எட்டு நிமிடத்தில் அமர்ந்தபடியே ஏறலாம். இரண்டாவது வின்ச் 1982இலும் மூன்றாவது 1988இலும் வந்தன. கூட்டம் அதற்கும் அடங்கவில்லை. 2004 நவம்பர் 3ஆம் திகதி ரோப் கார் தொடங்கிவைக்கப்பட்டது; பயண நேரம் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. கார்த்திகை பிறக்க இரண்டு வாரமே இருந்த நேரம் அது. சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பழனிக்கு வருவார்கள்; அது முடியுமுன் தைப்பூசக் காவடிகள்; பிறகு பங்குனி உத்தரம்; கோடை விடுமுறை. சீசன் என்று பழனிக் கடைக்காரர்கள் சொல்வது ஐந்தாறு மாத காலம். மீதி மாதங்களிலும் கிருத்திகை, சஷ்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கும்.

இதுதான் பழனிக்கும் பனிமலைக்கும் உள்ள வேற்றுமை. முருகனுக்கு ஓய்வுக்காலம் கிடையாது. பனி உருகி லிஃப்டை நிறுத்திவைப்பது போல எதுவும் பழனியில் நிகழ்வதில்லை. கயிற்றுக்கு ஒரு கோடையை மனிதரே ஆணையிட்டு உண்டாக்க வேண்டும்.

தொடங்கி மூன்று ஆண்டு நிறையுமுன், 2007 ஓகஸ்ட் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ரோப் கார் விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்தனர். பலர் காயமுற்றனர். அன்று கோயிலுக்குப் போனவர்கள் சாகசம் தேடிப் போனவர்கள் அல்லர். படியேற இயலாதவர்களும் குழந்தையைக் கையில் வைத்திருந்தவர்களும் நம்பிப் போகும் வண்டி அது.

இன்று நடைமுறையில் இருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். நாள்தோறும் மதியம் ஒரு மணி நேரம் நிறுத்தம். மாதத்தில் ஒரு நாள் நிறுத்தம். ஆண்டில் ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்தம். பலத்த காற்று வீசினால் அந்த நேரத்திலும் நிறுத்தம். வருடாந்திரப் பணியில் பெட்டிகள் இறக்கப்படுகின்றன. கயிறு, கப்பி, உருளை, பல்சக்கரம், பெயரிங் எல்லாம் சோதிக்கப்பட்டுத் தேய்ந்தவை மாற்றப்படுகின்றன. கயிற்றைப் பெட்டி பற்றியிருக்கும் பிடிகள் இவற்றில் முக்கியமானவை. நிலையான பிடி ஒரே இடத்தைப் பல மாதம் கவ்விக்கொண்டிருந்தால், அந்த இடத்திலுள்ள இழைகள் களைத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே இத்தகைய கம்பிவழிகளில் பிடிகளை அவ்வப்போது கழற்றிச் சற்றுத் தள்ளி மாட்டுவது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை.

தெரியாத இடம் என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்தும் விடயம். லிஸ்பனில் விபத்து நடந்த அன்று காலையிலும் வழக்கமான பார்வைச் சோதனை செய்யப்பட்டிருந்தது. கயிறு விட்டுப்போனது வண்டிக்கு அடியில், அதைப் பொருத்தியிருந்த முனையில். பாகங்களைக் கழற்றாமல் கண்ணால் காண முடியாத இடத்தில். மனிதப் போக்குவரத்துக்கு அந்தக் கயிறு சான்றளிக்கப்பட்டதே இல்லை என்பது பின்னர் வந்த முதற்கட்ட அறிக்கையில் வெளியாயிற்று. அல்பேர்ட்டின் கயிறு எச்சரிக்கும் என்று மேலே எழுதினேன். முனை எச்சரிக்காது. அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்ற வேண்டுமானால் நாட்கள் வேண்டும். நாட்கள் வேண்டுமானால் சேவை நிற்க வேண்டும்.

இந்தியாவின் பிற கம்பிவழிகளின் கதையும் பருவத்தோடு பின்னியதே. காஷ்மீரின் குல்மார்க் கொண்டோலாவுக்கான வேலை 1980களின் இறுதியில் தொடங்கி, கலவரச் சூழலால் தடைப்பட்டு, முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறந்தது. 2017 ஜூன் 25ஆம் திகதி பெருங்காற்றில் மரம் ஒன்று சாய்ந்து விழுந்து ஏழு பேர் இறந்தனர். அங்கே கயிற்றைக் குறைசொல்ல முடியாது. கயிற்றருகே நிற்கும் மரமும் பராமரிப்பின் பகுதிதான் என்பதே அன்று தெரிந்தது. ஜார்கண்ட் மாநிலம் தேவ்கருக்கு அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10ஆம் திகதி கோளாறு நேர்ந்தது இராமநவமி நாளில். பெட்டிகளில் சிக்கியவர்களை மீட்க மூன்றாம் நாள் வரை ஆயிற்று. ஹெலிகாப்டர் மீட்பின்போது இருவர் தவறி விழுந்து மாண்டனர். உத்தரகண்டின் ஔலி இவற்றிலிருந்து மாறுபட்டது. ஜோஷிமத்திலிருந்து அந்தப் பனிச்சறுக்குத் தலத்துக்கு ஏறும் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் கம்பிவழி, 2023 ஜனவரியில், சறுக்குப் பருவம் தொடங்கும் வேளையில் நிறுத்தப்பட்டது. ஊரே புதைந்து சுவர்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. ஔலி வியாபாரிகளுக்கு அது பேரிழப்பு. ஆனால் பெட்டி ஒன்றும் விழவில்லை.

பத்திரிகைத் தொழிலில் நிறுத்தம் என்பது குறையாகவே பதிவாகிறது. ஓடாத ரயில், திறக்காத பாலம், இயங்காத லிஃப்ட் எல்லாம் மக்களின் அவதி என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். கமக்காரரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். எங்கள் பெரியமடுப் பக்கம் மேட்டு நிலம் என்று காட்ட குளக்கட்டைத் தவிர எதுவும் இல்லை. ஆயினும் காலபோக மழைக்கு முன்பே, குளம் வற்றிக் கிடக்கும்போதே, துருசுக் கதவைத் தூக்கிப் பார்த்துத் துருவைச் சுரண்டி எண்ணெய் போட வேண்டும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். நீர் நிறைந்தபின் இறுகிய கதவோடு மல்லுக்கட்ட முடியாது. வைகாசியிலும் ஆனியிலும் குளத்தில் நீர் குறைவதைப் பார்த்து யாரும் அதைச் செய்தியாக்குவதில்லை.

பழனியில் பணி முடிந்த அறிவிப்பும் நான்கு வரியில் வரும். அதில் ஒரு வரியை மட்டும் ஊன்றிப் படிப்பது என் வழக்கம்: பெட்டிகளில் ஆளுக்குப் பதிலாக எடையேற்றி வெள்ளோட்டம் பார்த்தார்களா, பார்த்தார்கள் என்றால் எத்தனை நாள் பார்த்தார்கள் என்ற வரி.