பெறாமல் பெற்ற பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவும் ஆண்டாள் கோயில் கோபுரமும் நினைவுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையத்துக்கு நூற்பாலைகளும் நாய்களும் பெயர் வாங்கிக் கொடுத்தன. துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த பெண்ணே ஆண்டாள் என்பது ஊரறிந்த கதை. தான் பெறாத பிள்ளையை மகளாக வளர்த்தவரை இந்த மண் கொண்டாடுகிறது. ஆனால் பிள்ளையில்லாத பெண்ணை வளைகாப்பு வீட்டில் ஒதுங்கி நிற்க வைப்பதும் இதே மண்தான். இதில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வேறுபாடு பெரிதாக இல்லை.

1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1854 முதல் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரியும் அவருடைய தோழர்களும் சிவகாசியைச் சுற்றிய வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் பிரசங்கித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வேதத்தில் பிள்ளையில்லாத பெண்களின் கதைகள் நிறையவே உண்டு. சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், எலிசபெத்து என்று வரிசையாக வருவார்கள். 'மலடி' என்ற சொல்லும் தமிழ் வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது.

இவர்களில் அன்னாளின் கதை நம் ஊர்க் கதை போலவே இருக்கும். சக்களத்தி பெனின்னாள் ஆண்டுதோறும் குத்திக் காட்டுகிறாள். கணவன் எல்க்கானாவோ, பத்துப் பிள்ளைகளை விட நான் உனக்கு மேல் அல்லவா என்ற பொருளில் தேற்றுகிறான். நல்ல மனிதன்தான், ஆனால் அவள் அழுகை அவனுக்குப் புரியவில்லை! ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபிப்பதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறார் ஆசாரியன் ஏலி. வீட்டுக்காரனும் புரிந்துகொள்ளவில்லை, கோயில்காரரும் புரிந்துகொள்ளவில்லை. கடவுள் கேட்டார். சாமுவேல் பிறந்தான்.

பெரும்பாலான பிரசங்கங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அதனால் பிள்ளை பிறக்காத பெண்ணுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லாமல் சொல்வதாக ஆகிவிடுகிறது. இது நியாயமில்லை. சவுலின் மகள் மீகாள் கடைசி வரை பிள்ளையில்லாமல் இறந்ததையும் அதே வேதம் எழுதி வைத்திருக்கிறது. ஏசாயா 54ம் அதிகாரமோ, பாழான எருசலேமை ஒரு மலடியாக உருவகித்து, பிரசவ வேதனை அறியாத அவளையே பாடச் சொல்கிறது. கணவனோடு வாழ்கிறவளைவிட அவளுக்குப் பிள்ளைகள் அதிகமாம். பெறாமலே எப்படி அதிகம்? தென் தமிழகத்துச் சபை வரலாற்றில் இதற்கு விடை கிடைக்கிறது.

பாளையங்கோட்டையில் 1778ல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் கிளாரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பார்கள். அவருடைய மகனாக வரலாற்றில் இடம்பெறும் ஹென்றி லிட்டில்டன் வளர்ப்பு மகனே. விதவை என்றாலே அபசகுனம் என்றிருந்த அந்தக் காலத்தில், 1785ல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை மக்கள் 'பாப்பாத்தி கோயில்' என்று அழைத்தார்கள். திருநெல்வேலித் திருச்சபைக்கே தாய் என்று இன்றும் சொல்லப்படுபவர் இவர்தான்.

அடுத்தவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர், திருமணம் செய்யாதவர். தனிமையை நினைத்து அவரும் பயந்தார். ஜப்பானில் ஊழியம் செய்த நாட்களில் ஒரு குகையில் அமர்ந்து அதற்காக ஜெபித்திருக்கிறார். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒருமுறை ஓடியதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். ஏமிக்கு அப்போது 33 வயது. பிறகு டோனாவூரில் குழந்தைகள் ஒன்று இரண்டாக வரத் தொடங்கி, 1913ல் 130 பேர் ஆனார்கள். ஊர் ஊராய்ச் சுற்றிப் பிரசங்கித்த பெண், தொட்டில் ஆட்டவும் பால் காய்ச்சவும் வீட்டோடு தங்கிவிட்டார். மிஷனரி வேலையா இது என்று குறை சொன்னவர்களும் உண்டு. பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947ல்தான்.

சிவகாசிப் பக்கம் கூடாரத்தில் வாழ்ந்த அதே ராக்லண்டின் வரலாற்றை 1922ல் புத்தகமாக எழுதியவரும் ஏமிதான்.

1931ல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். 1951 ஜனவரி 18 அன்று இறந்தார். கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். எனவே பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: 'அம்மா'.