கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்தவர்கள்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கத்தை நின்று படிக்கிற வழக்கம் உங்களுக்கு உண்டா? ஆசிரியர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'பி.ஏ., பி.எல்.' என்று ஒரு வால் இருக்கும். சங்க நூலைப் பதிப்பித்தவர் பி.எல். பஞ்சாங்கக் கணிதம் எழுதியவர் பி.எல். அகராதி செய்தவர் பி.எல். விஞ்ஞானக் கட்டுரை எழுதியவரும் பி.எல். 'இவங்கல்லாம் கோர்ட்டுக்குப் போனாங்களா, இல்லையா?' என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நம் செட் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. காரணம் என் வீட்டில் இருக்கிறது.

என் தங்கை ஐந்து வருஷச் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு சீனியரிடம் ஒன்றரை வருஷம் ஜூனியராக இருந்தாள். எல்லாம் சிவில் வழக்குகள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாடகை பாக்கி. எதிர்வழக்குரை தயார் செய்யும்போது, வாதி பிராதில் சொன்ன சங்கதிகள் அத்தனையும் பொய் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அது சம்பிரதாயம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்பு ஆவணத்தைப் படித்துப் பார்த்து, அது உண்மையான பத்திரம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பொய் என்றுதான் டைப் அடித்தாள். அன்றோடு கோர்ட் ஆசை போயிற்று.

வீட்டில் பெரிய ரகளை. "அஞ்சு வருஷம் படிச்சிட்டு போர்டு மாட்டாம உட்கார்ந்திருந்தா என்னடி அர்த்தம்?" என்றார் அம்மா. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எங்கள் மாமா, "ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான்மா. போகப் போக மரத்துப்போயிடும்" என்று சமாதானம் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று. "மரத்துப்போறதுக்காகவா அண்ணா படிச்சேன்?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்குப் பழைய பைலைத் தேடுவது நம் தொழில் வழக்கம் அல்லவா? தேடினேன்.

சென்னையில் முறையான சட்ட வகுப்பு 1855இல் மாநிலக் கல்லூரியில் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர், இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. சர்க்காரில் கணக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1871இல் பி.எல். தேறி, கும்பகோணத்தில் வக்கீலாக இருந்து, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியானவர். ஆனால் இன்று அவருடைய வழக்கு ஒன்றையாவது யாராவது சொல்ல முடியுமா? தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியவர் என்றுதான் அவரைத் தெரியும். ஓலைச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, எது மூலம், எது ஏடெழுதியவர் கைப்பிழை என்று பிரிப்பதுதான் அந்த வேலை. பத்திரத்தில் இடைச்செருகல் இருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்தான் இதற்கும் வேண்டும்.

தாமோதரம் பிள்ளை கோர்ட்டையும் சுவடியையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். வி. கனகசபைப் பிள்ளை கோர்ட்டைக் கைவிட்டவர். 1855இல் சென்னையில் பிறந்தார். பி.எல். தேறி மதுரையில் சிறிது காலம் வக்கீலாக இருந்தார். அது ஒத்துவரவில்லை. தபால் இலாகாவில் சூப்பரின்டென்டென்ட் ஆகிவிட்டார்! இன்றைக்கு ஒரு பையன் இப்படிச் செய்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டு, ஆள் வைத்துச் சுவடி தேடினார். தேடிக் கிடைத்ததை உ. வே. சாமிநாதையருக்கும் கொடுத்து உதவினார். 1904இல் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்று நாம் இன்று சொல்கிற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சங்க நூல்களைச் சாட்சியாக வைத்துப் பழந்தமிழ் நாட்டின் துறைமுகம், வியாபாரம், அரசு என்று முழுச் சித்திரம் வரைந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அதில் அவர் சிலப்பதிகாரத்தின் காலத்தை நிறுவிய விதம் அசல் வக்கீல் வேலை. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு வந்திருந்தான் என்று காப்பியம் சொல்கிறது. இலங்கையின் மகாவம்சமும் கஜபாகு என்ற அரசனைச் சொல்கிறது. அவன் காலத்தையும் கணக்கிட முடிகிறது. நம் கட்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி, வேறு ஊரிலிருந்து வந்து அதே பெயரைச் சொன்னால் எவ்வளவு பலம்! ஆகவே கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டினார்.

இப்போது எதிர்த்தரப்பு. அவரும் பி.எல். தான். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, 1865இல் பிறந்தவர். சென்னையில் எம்.ஏ., பி.எல்., அது போதாதென்று லண்டனில் எல்.எல்.பி. கோர்ட் பக்கம் தொழில் வைத்துக்கொள்ளாமல் டெபுடி கலெக்டராகப் போனார். சென்னைச் சட்டசபைத் தலைவராக இருந்தபோது 1925இல் காலமானார். பகலில் சர்க்கார் பைல், மற்ற நேரம் கணிதம். கல்வெட்டில் 'இன்ன மாதம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம்' என்று இருந்தால் அது ஆங்கிலத் தேதிக்கு எந்த நாள் என்று பார்க்க உதவும் அட்டவணைகளைப் பெரிய பெரிய தொகுதிகளாகப் போட்டார். 1922இல் அவை வெளிவந்தன. கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. கி.பி. 700 முதல் 1799 வரை, நாள்வாரியாக. நம்மில் யாராவது ஒரு பக்கம் கையால் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அவர் கேட்ட கேள்வி வேறு. மதுரை எரிந்த நாளைக் காப்பியமே சொல்கிறதே: ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை நட்சத்திரம். இந்த நான்கும் எந்த வருஷம் ஒத்துவரும்? கணக்குப் போட்டு கி.பி. 756 என்றார். ஆக, ஒரே காப்பியத்துக்கு இரண்டு பி.எல்.கள் சொன்ன காலத்துக்கு நடுவே 600 வருஷம் இடைவெளி!

என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நான்கு குறிப்பும் சேர்ந்துவருவது அவ்வளவு அபூர்வம் இல்லை. சராசரியாக இருபது, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை வரலாம். ஆகவே வேறு சாட்சியம் இல்லாமல் அதை மட்டும் வைத்து ஒரு வருஷத்தைப் பிடிக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. கனகசபையார் பக்கமும் ஓட்டை உண்டு: மகாவம்சம் கஜபாகுவைச் சொல்கிறதே தவிர, பத்தினிக் கோயில் விழாவைச் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா? குறுக்கு விசாரணையில் இரண்டு பேருமே கொஞ்சம் திணறியிருப்பார்கள். இன்றுவரை அந்த வழக்கில் எல்லோரும் ஏற்கிற தீர்ப்பு வரவில்லை.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. கோர்ட்டை விட்டவர்கள் சண்டைக்குப் பயந்து ஓடினார்கள் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. அது தப்பு. இவர்கள் எந்தக் கோர்ட்டிலும் நடக்காத அளவுக்குச் சண்டை போட்டவர்கள். தங்களுக்கு உண்மை என்று பட்டதற்காகப் போட்டார்கள். யார் வக்காலத்து கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து அல்ல.

இதற்கு உச்ச உதாரணம் எஸ். வையாபுரிப் பிள்ளை. திருநெல்வேலிச் சீமைக்காரர், 1891இல் பிறந்தார். திருவனந்தபுரத்திலும் பிறகு திருநெல்வேலியிலும் சுமார் பத்து ஆண்டு வக்கீல். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியராக வந்தார். அந்த வேலை 1913இலேயே தொடங்கி, பல கை மாறி, பாதியில் இருந்தது. அவர் வந்து பத்து வருஷத்தில், 1936இல், ஆறு தொகுதிகளும் முடிந்தன. 1939இல் அனுபந்தமும் வந்தது. மொத்தம் 1,17,762 சொற்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'இது எங்கே வந்திருக்கிறது?' என்று மேற்கோள் தேட வேண்டும். சாட்சி இல்லாத சொல்லுக்கு மதிப்பில்லை. இதை ஒரு வக்கீல் செய்து முடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அவருக்கு நிம்மதி கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. தொல்காப்பியம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு, சிலப்பதிகாரம் அதற்கும் வெகுவாகப் பிந்தியது என்று எழுதினார். தமிழ்நாடே அவர் மேல் பாய்ந்தது. தேவநேயப் பாவாணர் லெக்சிகனின் குறைகளை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார். வையாபுரிப் பிள்ளை காலமாகி 1956இலிருந்து இத்தனை வருஷமாகியும் அந்தத் திட்டு நிற்கவில்லை. அவர் சொன்ன காலங்கள் பல இன்று செல்லாது என்பது வேறு விஷயம். சத்தம் போடாத வேலை என்று நினைத்து வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வரட்டும். இதை என் தங்கையிடம் சொன்னேன். "அது பரவாயில்லை அண்ணா, அவர் நம்பினதைத்தானே எழுதினார்" என்றாள்.

கோர்ட்டை விடாமலே மனசை வேறு இடத்தில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நம் துறைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் பெ. நா. அப்புஸ்வாமி. சென்னையில் வக்கீல். 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் விஞ்ஞானம் எழுத ஆரம்பித்தவர், 1986இல் தம் 94ஆவது வயதில் மறையும்வரை நிறுத்தவில்லை. மின்சாரம், வானொலி, அணு என்று எல்லாவற்றையும் தமிழில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதினார். நாம் நாலு வருஷம் படித்ததைத் தமிழில் நாலு வரி சொல்லத் திண்டாடுகிறோம்!

கோர்ட்டுக்குள்ளேயே வாதாடாத நாற்காலி ஒன்றும் இருந்தது. ஐயர்லாந்துக்காரரான விட்லி ஸ்டோக்ஸ் பாரிஸ்டர் பட்டத்தோடு 1862இல் சென்னைக்கு வந்து, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் வேலை பார்த்தார். பிறகு சட்டம் வரைகிற துறைக்குப் போய், 1877 முதல் 1882 வரை அரசின் சட்ட உறுப்பினராக இருந்தார். செக் திரும்பினால் இன்று வழக்குப் போடுகிறோமே, அதற்கு ஆதாரமான 1881ஆம் வருஷச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. ஓய்வு நேரத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? பழைய ஐரிஷ் சுவடிப் பதிப்பு. 1866இல் கல்கத்தாவிலேயே ஒன்றை அச்சிட்டார். ஐயர்லாந்தில் அவரை இன்று அதற்காகத்தான் நினைக்கிறார்கள். 1875இல் தீர்ப்புத் தொகுப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது; 1891இல் மதறாஸ் லா ஜர்னல் பிறந்தது. அங்கெல்லாம் உட்கார்ந்து, முப்பது பக்கத் தீர்ப்பின் சாரத்தை ஆறு வரியில் தலைக்குறிப்பாக எழுதியவர்கள் பெயர் வெளியே தெரியாது. அந்த ஆறு வரியை நம்பித்தான் எல்லா வக்கீலும் எழுந்து நிற்கிறார்கள்.

அந்த நாற்காலியின் இன்றைய வடிவம் மொழிபெயர்ப்பு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2019 முதல் தமிழிலும் வருகின்றன. இங்கிலீஷும் தமிழும் தெரிந்தால் மட்டும் போதாது, சட்டமும் தெரிந்த ஆள் வேண்டும். என் தங்கை இப்போது ஒரு சட்டப் பதிப்பகத்துக்கு அந்த மாதிரி வேலை செய்துகொடுக்கிறாள். சம்பளம் சுமார்தான், ஜூனியராக இருந்தபோது வந்ததைவிட அதிகம். அம்மா இன்னும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மாமா மட்டும், ஒரு பழைய தீர்ப்பில் வந்த வார்த்தைக்கு அவளிடம் அர்த்தம் கேட்டுப் போனார்.

நம் கல்லூரியில் படித்துவிட்டுப் பிறகு சட்டமும் படித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புரிமை என்று ஒரு துறை இருக்கிறது. இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. அதன் கீழ் முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவில் இருந்த டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர். கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கிற இயந்திரம்! அரசியின் ஒப்புதல் முறையாக வாங்கவில்லை என்று மறு வருஷமே அந்தச் சட்டம் ரத்தாகி, 1859இல் வேறு சட்டம் வந்தது தனிக் கதை. காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும் என்கிறது சட்டம். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. அங்கே வேலை, ஒரு கண்டுபிடிப்பின் எல்லை எதுவரை என்று ஒரே ஒரு நீண்ட வாக்கியத்தில் எழுதுவது. 'கொண்டுள்ள' என்று போடுவதா, 'மட்டும் கொண்டுள்ள' என்று போடுவதா என்று ஒரு முழு நாள் போகும். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற பரிசோதகரும் நம்மைப் போல் எஞ்சினியரிங்கோ சயின்ஸோ படித்தவர்தான்.