ஹாலெத் சாம்பெல்

ஹாலெத் சாம்பெல் (1916–2014) துருக்கியின் முன்னோடித் தொல்லியல் அறிஞர். கண்டெடுத்த சிற்பங்களை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லாமல் அவை கிடைத்த இடத்திலேயே காக்க வேண்டும் என்று வாதாடி, அதைக் கராத்தெப்பேயில் செய்தும் காட்டினார்.

தந்தை ஹசன் ஜெமில், துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்குக்கு நெருக்கமானவர். பெர்லினில் பிறந்த ஹாலெத், பாரிசின் சோர்போனில் தொல்லியலோடு பண்டைய மொழிகளும் படித்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் துருக்கிக்காக வாள்வீச்சில் கலந்துகொண்டார். அவரும் தோழி சுவாத் அஷெனியுமே ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் முஸ்லிம் பெண்கள். ஹிட்லரைச் சந்திக்க வந்த அழைப்பை இருவரும் மறுத்துவிட்டனர்.

நாடு திரும்பி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரின் வாழ்க்கையைத் திசைதிருப்பியது 1946-ஆம் ஆண்டுப் பயணம். மலைக்காட்டில் சிங்கக்கல் ஒன்று கிடப்பதாகக் கதிர்லி ஊர்ப் பள்ளி ஆசிரியர் எக்ரெம் குஷ்சு சொல்ல, ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முத் போசெர்ட்டும் சாம்பெலும் அங்கே சென்றனர். கண்டது கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அசாத்திவாதா என்னும் தலைவன் கட்டிய கராத்தெப்பே கோட்டை. அதன் வாயில்களில் ஒரே செய்தி, முன்பே படிக்கத் தெரிந்த ஃபினீசியத்திலும் லூவியம் என்னும் பண்டைய மொழியின் சித்திர எழுத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதுவரை அரைகுறையாகவே பிடிபட்டிருந்த லூவிய எழுத்தைப் படிக்க இந்த இணைக் கல்வெட்டே பெருந்துணை ஆயிற்று.

கண்டுபிடிப்பைவிட அதன்பின் அவர் செய்த வேலையே பெரிது என்று சொல்லலாம். சிற்பங்கள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை நகரத்துக்குக் கொண்டுபோகும் யோசனையை எதிர்த்து, இத்தாலியப் பாதுகாப்பு வல்லுநர்களின் உதவியுடன் துண்டு துண்டாகப் பொருத்தி அங்கேயே நிறுத்தினார். கட்டடக்கலைஞர் துர்குத் ஜான்செவெர் வடிவமைத்த கூரைகளைக் காட்டுக்குள் எழுப்பும் பொறுப்பைக் கணவர் நயில் சாக்கிர்ஹான் ஏற்றார். கவிஞரான அவர் கட்டுமானம் கற்றுக்கொண்டது இந்த வேலையில்தான். பின்னாளில் 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றார். கராத்தெப்பே துருக்கியின் முதல் திறந்தவெளி அருங்காட்சியகமாயிற்று. அருகே ஓடும் ஜெய்ஹான் ஆற்றில் அணை வந்தபோது, பழைய இடங்கள் மூழ்காதிருக்க நீர்மட்டத்தைக் குறைக்கச் சொல்லிச் சாம்பெல் போராடினார். சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் வரவும் பாடுபட்டார்.

இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கான துறையை நிறுவியவரும் இவரே. சிகாகோவின் ராபர்ட் பிரெய்ட்வுட்டுடன் 1960-களில் தொடங்கிய கூட்டாய்வு, தியார்பக்கிர் அருகே சாயோனு என்னும் தொடக்ககால உழவர் குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது.

1984-இல் ஓய்வு பெற்ற பின்னும் கராத்தெப்பேயை விடவில்லை. அதன் லூவியக் கல்வெட்டுகளின் முழுப் பதிப்பு 1999-இல் வெளிவந்தது. 2004-இல் நெதர்லாந்தின் இளவரசர் கிளாஸ் விருது கிடைத்தது. 2014 ஜனவரி 12 அன்று, 97-ஆம் வயதில் இஸ்தான்புல்லில் காலமானார். போஸ்போரஸ் கரையில் அர்னவுத்கோய் பகுதியில் உள்ள தம் மர வீட்டை முன்பே போகாசிச்சி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார்.