காட்சிக்காகப் போடப்படாத சாலைகள்: அயர்லாந்தின் சுற்றுவழிகள்

அயர்லாந்துக்கு முதன்முறை செல்வோர் காரில் தீவைச் சுற்றிவரத் திட்டமிடும்போது, பெரும்பாலும் டப்ளினில் தொடங்கி விக்லோ மலைகள் வழியாகத் தெற்கே இறங்கி, கார்க், கெர்ரி, கிளேர், கால்வே, டொனிகால் என மேற்குக் கரையோரமாக ஏறி, வடக்கே அன்ட்ரிம் கரையைத் தொட்டுத் திரும்பும் ஒரு வட்டத்தையே வரைகின்றனர். அவ்வட்டத்தை இயற்கையழகு வகுத்துத் தந்ததாகத் தோன்றினாலும், அதிலுள்ள பெயர்பெற்ற சாலைகள் பல, படை நடத்தவும், ஒதுங்கிய ஊர்களைச் சந்தையோடு இணைக்கவும், பசித்திருந்தோருக்குக் கூலிவேலை தரவும் போடப்பட்டவை. நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு ஓட்டலாம், எதை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைக்கலாம் என்ற இன்றைய கணக்கிலும் அப்பழைய நோக்கங்களின் பங்கு பெரிது.

18ஆம் நூற்றாண்டில் சாலைப்பணி இரு அமைப்புகளின் கையில் இருந்தது. ஒன்று, 1729இல் தொடங்கிய சுங்கச்சாலை முறை. மற்றொன்று, ‘கிராண்ட் ஜூரி’ எனப்பட்ட மாவட்டப் பெருங்குழு. நிலவுடைமையாளர்கள் நிறைந்த இக்குழு, குற்ற வழக்குகளை விசாரணைக்கு அனுப்புவதோடு, சாலைகளுக்கும் பாலங்களுக்குமான செலவுக்கு ஒப்புதல் தந்து, அத்தொகையை நிலத்தை அனுபவிப்போரிடம் வரியாகத் தண்டும் அதிகாரத்தையும் பெற்றிருந்தது. குடிகள் ஆண்டுக்கு ஆறு நாள் ஊதியமின்றிச் சாலைவேலை செய்யவேண்டும் என்ற பழைய கட்டாயம் 1765இல் கைவிடப்பட்ட பின் இவ்வரிமுறையே நிலைபெற்றது. 1776 முதல் சில ஆண்டுகள் தீவைச் சுற்றிப் பார்த்த ஆங்கில வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் அந்நாட்டுச் சாலைகளைப் பெரிதும் பாராட்டினார். எனினும், எச்சாலை எவர் நிலத்தை ஒட்டிச் செல்லவேண்டும் என்பதை முடிவுசெய்தவர்கள் நிலக்கிழார்கள் என்பதும், வரியைக் கட்டியவர்கள் குத்தகைதாரர்கள் என்பதும் அப்பாராட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

யங் பயணம் செய்த காலத்திலேயே, 1778இல், ஜார்ஜ் டெய்லர், ஆண்ட்ரூ ஸ்கின்னர் இருவரும் வெளியிட்ட சாலை வரைபட நூல் பயணத் திட்டமிடலின் முதல் முக்கியக் கருவியாயிற்று. நாடு முழுவதையும் ஒரே தாளில் காட்டாமல், ஒவ்வொரு சாலையையும் நாடா போன்ற நீண்ட பட்டைகளாகப் பிரித்துக் காட்டிய அந்நூலில், சாலையின் இருபுறமும் இருந்த மாளிகைகளும் அவற்றின் உரிமையாளர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. தொலைவுகள் ‘ஐரிஷ் மைல்’ கணக்கில் தரப்பட்டன. ஆங்கில மைல் 1,760 கஜம் என்றால் ஐரிஷ் மைல் 2,240 கஜம், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பதினொரு ஐரிஷ் மைல் பதினான்கு ஆங்கில மைலுக்குச் சமமாதலால், இங்கிலாந்திலிருந்து வந்தவர் காகிதத்தில் கண்ட எண்ணை நம்பி நாளைத் திட்டமிட்டால் இருட்டிய பிறகே விடுதி சேர நேரும். எடை, அளவைகளை ஒருமுகப்படுத்திய 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஐரிஷ் மைலை அதிகாரப்பூர்வமாக நீக்கியபோதும் மக்கள் வழக்கில் அது நெடுங்காலம் நீடித்தது.

டப்ளினுக்குத் தெற்கே, சாலி கணவாய் வழியாகக் கரிநிலச் சதுப்புகளைக் கடந்து செல்லும் விக்லோ மலைச்சாலை இன்று அரைநாள் பயணமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின்னும் மைக்கேல் டுவையரின் தலைமையில் ஒரு குழு இம்மலைகளில் மறைந்திருந்து போரிட்டதால், படைகளை விரைந்து அனுப்புவதற்கென 1800இல் இதன் பணி தொடங்கியது. பொறியாளர் அலெக்சாண்டர் டெய்லரின் மேற்பார்வையில் படைவீரர்களே மண்வெட்டி பிடித்தனர். கிளென்கிரீ, லாரா, டிரம்காஃப், அகவனா ஆகிய இடங்களில் படைமனைகள் எழுந்தன. 1803 இறுதியில் டுவையர் சரணடைந்துவிட, 1809இல் முற்றுப்பெற்ற சாலைக்கு அதன் முதல் நோக்கம் அநேகமாக இல்லாமல் போயிற்று.

மேற்கில் காரணம் வறுமையாக இருந்தது. 1822இல் உணவுத் தட்டுப்பாடு கடுமையானபோது, துயர்தணிப்பு வேலையாகச் சாலைகளை அமைக்க அரசு பொறியாளர்களை அனுப்பியது. கானமாராப் பகுதி அவ்வாறு ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் நிம்மோவிடம் வந்தது. அவர் சாலைகளோடு மீன்பிடித் துறைகளையும் திட்டமிட்டார். ரவுண்ட்ஸ்டோன் என்ற கடற்கரை ஊர் அவர் உருவாக்கியதே. வடகிழக்கில், நிலவழியைவிடக் கடல்வழி எளிதாக இருந்த அன்ட்ரிம் பள்ளத்தாக்குகளை இணைக்க, 1830களில் வில்லியம் பால்ட் சுண்ணப்பாறைச் செங்குத்துகளை வெடிவைத்துத் தகர்த்து, அலைவிளிம்பிலேயே சாலை அமைத்தார். பெரும்பஞ்சத்தின்போது, 1846–47இல், துயர்தணிப்புச் சாலைவேலை முறை கொடிய அளவை எட்டியது. தனியார் நிலத்துக்கு ஆதாயம் கிடைக்கலாகாது என்ற கொள்கையால் பயன் குறைந்த சாலைகளே பெரிதும் தேர்ந்தெடுக்கப்பட்டன, 1847 மார்ச்சில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரைப்பட்டினியில் கல்லுடைத்தனர். மலைச்சரிவில் ஏறிப் பாதியில் நின்றுபோகும் சில பாதைகள் அக்காலத்தவை.

இச்சாலைகளில் சாமானியரும் பயணம் செய்ய வழிவகுத்தவர் சார்லஸ் பியான்கோனி. இத்தாலியின் லொம்பார்டியில் 1786இல் பிறந்து, 1802இல் அயர்லாந்துக்கு வந்து, படங்களைப் பெட்டியில் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்ற அவர், நடப்பவரின் அலுப்பையும் அஞ்சல் வண்டிக் கட்டணத்தின் உயர்வையும் நேரில் அறிந்திருந்தார். நெப்போலியப் போர்கள் முடிந்து படைக்குதிரைகள் மலிந்த 1815 ஜூலையில், கிளான்மெல்லிலிருந்து காஹிருக்கு ஒற்றைக் குதிரை வண்டி ஒன்றை ஓட்டத் தொடங்கினார். பின்னர் வந்த நான்கு சக்கர ‘நெடுவண்டி’களில் பயணிகள் ஒருவருக்கொருவர் முதுகுகாட்டி, வேலியோரங்களைப் பார்த்தபடி அமர்ந்தனர், மழைக்குக் கூரை இல்லை, ஆனால் கட்டணம் குறைவு, புறப்படும் நேரம் தவறாது. 1840களில் சுமார் நூறு வண்டிகளும் 1,300 குதிரைகளும் அவரிடம் இருந்தன. ரயில் வந்தபோது அதனோடு மோதாமல், நிலையங்களிலிருந்து குறுக்கே பிரியும் வழிகளுக்குத் தம் வண்டிகளை மாற்றியது அவரது வணிகக் கூர்மைக்குச் சான்று.

கெர்ரியின் ஏரியூரான கில்லார்னிக்கு 1853இல் ரயிலும் மறு ஆண்டில் ரயில் நிறுவன விடுதியும் வந்தன. 1861இல் விக்டோரியா அரசியார் அங்கு தங்கிய பின் ஏரிகளின் புகழ் பெருகியது. மோட்டார் யுகத்தைத் தொடங்கிவைத்தது 1903 ஜூலையில் கில்டேர் பகுதியில் நடந்த கோர்டன் பென்னட் கார்ப் பந்தயம். பிரிட்டனின் வேகவரம்பைத் தவிர்க்கவே அது சிறப்புச் சட்டத்தின்கீழ் அயர்லாந்துக்கு வந்தது. வட அயர்லாந்து தனியாகப் பிரிந்த பிரிவினைக்குப் பின் 1923இல் சுங்க எல்லை ஏற்பட்டு, கார்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட சாலைகள்’ வழியே மட்டும் உரிய தாள்களோடு கடக்க வேண்டியதாயிற்று. 1993இல் சுங்கச் சோதனையும், 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பின் படைக்காவலும் மறைந்தன. இன்று எல்லையைக் காட்டுவது கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும் வேகப் பலகைகளே.

டப்ளினைப் பெருநகரங்களோடு இணைக்கும் அதிவிரைவுச் சாலைகள் 2010இல் நிறைவுற்றதால், கால்வே வரையிலான 200 கிலோமீட்டர் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. கெர்ரி வளையம் எனப்படும் 179 கிலோமீட்டர் கரைச்சாலையோ ஒரு முழுநாளைக் கேட்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அவ்வளையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுவதும், 2025 முதல் கிராமப்புறச் சிறுசாலைகளின் வேகவரம்பு மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டதும் குதிரை வண்டிக் காலத்து அகலத்தின் விளைவுகள். 2014இல் அறிவிக்கப்பட்ட ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்ற மேற்குக் கரைவழிகூட 2,500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய சாலைகளைப் பெயர்ப்பலகையால் கோத்ததேயன்றிப் புதிதாகப் போட்டதன்று. ஆகவே ஒரு வாரமே கையில் உள்ளவர் முழுவட்டத்தைக் கைவிட்டு, அதிவிரைவுச் சாலையில் மேற்கை அடைந்து, கெர்ரி, கிளேர் என இரண்டொரு மாவட்டங்களில் தங்குவதே பொருந்தும்; படைவீரரும் பஞ்சக் கூலிகளும் அமைத்த சாலைகளில் தொலைவைக் கிலோமீட்டரால் அல்லாமல் மணிநேரத்தால் அளப்பதே சரியான கணக்கு.