போர்க்களத்துக் கற்கள் புகலும் சரித்திரம்

வென்றவர் எழுதுவதே சரித்திரம் என்பர். இக்கூற்றை மீண்டும் ஆராயச் செய்யும் போர்க்களம் ஒன்று வட அமெரிக்காவிலே உண்டு. அங்கே சண்டையில் தோற்றவருக்கு ஐந்து ஆண்டுகளுள் நினைவுத்தூண் எழுந்தது. வென்றவருக்கோ நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அரசினர் ஒரு கல்தானும் நாட்டினாரல்லர். இவ்விந்தைக்குக் காரணம் யாது? அக்களத்தின் நடைபாதை வழியே சென்று காண்போம்.

மொன்ரானா மாநிலத்தில், லிற்றில் பிக்ஹோர்ண் ஆற்றை நோக்கிச் சரியும் புல்மேடுகளே அக்களம். மேட்டிலிருந்து ஆழமான ஓடைப்பள்ளம் ஒன்றை நோக்கி ஒரு பாதை இறங்குகிறது. அது மிக நீண்டதன்று. ஒரு மணி நேரத்துள் போய் மீளலாம். பாம்புகள் உண்டாதலின் பாதையை விட்டு விலகலாகாது. வழியெங்கும் நிற்கும் கற்களே நமக்கு ஆசிரியர்.

புறப்படுமுன் யுத்தத்தின் காரணத்தை அறிதல் வேண்டும். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருங்குன்றுப் பிரதேசம் லக்கோற்றா மக்களுக்கு உரியதென ஐக்கிய அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. 1874இல் ஜோர்ஜ் கஸ்ரர் தலைமையிற் சென்ற படையினர் அங்கே பொன் இருப்பதைக் கண்டனர். பொன் தேடுவோர் திரண்டனர். நிலத்தை விற்க லக்கோற்றா மக்கள் உடன்படவில்லை. வெளியே வாழ்ந்தவர்கள் 1876 சனவரி 31ஆந் திகதிக்குள் ஒதுக்கிடங்களுக்குத் திரும்பவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. உறைபனிக் காலத்திலே குழந்தை குட்டிகளுடன் அவர்கள் எவ்வாறு வருவர்? வராதவர்மீது படை ஏவப்பட்டது.

1876 யூன் 25ஆந் திகதி, ஆற்றங்கரையிற் பாளயமிட்டிருந்த லக்கோற்றா, செயென், அரப்பகோ மக்களைக் கஸ்ரரின் ஏழாவது குதிரைப்படை தாக்கியது. படையைப் பிரித்துச் சென்ற கஸ்ரரும் அவருடன் நின்ற ஏறக்குறைய 210 பேரும் ஒருவர் எஞ்சாது மாண்டனர்.

மேட்டின் உச்சியில் நிற்பது 1881இல் எழுந்த கருங்கற்றூண். படையின் பக்கம் நின்று இறந்தோர் பெயர்கள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. சரிவெங்கும் காணும் வெண்பளிங்குக் கற்கள் 1890இல் நாட்டப்பட்டவை. வீரர் வீழ்ந்த இடங்களைக் குறிப்பவை. எனினும் எண்ணிப் பார்ப்பவர் திகைப்பர். 210 பேர் இறந்த நிலத்தில் ஏறக்குறைய 250 கற்கள் நிற்கின்றன! பல இடங்களில் இரட்டைக் கற்களின் கீழ் ஒருவர் எச்சமே உண்டென அகழாய்வு காட்டியது. கல்லும் பிழைபடக் கூறும் என்பது நாம் கற்கும் முதற் பாடம்.

பாதையின் முடிவிலுள்ள ஓடைப்பள்ளத்திலே இருபத்தெட்டுப் பேர்வரையில் கிடக்கக் கண்டதாக, சடலங்களை அடக்கஞ் செய்த படையினர் கூறினர். ஆய்வாளர் பன்முறை தோண்டியும் அவ்வுடல்கள் அகப்படவில்லை.

1983இல் எழுந்த காட்டுத்தீ புல்லை எரித்து நிலத்தை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு தொடங்கிய ஆய்விலே தோட்டாக்களும் வெற்று உறைகளும் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. உறைகளிற் பதிந்த அடையாளத்தைக் கொண்டு ஒரே துப்பாக்கி எங்கெங்கு சென்றது என்பதையும் அறிந்தனர். முரண்பட்டவை என நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த ஆதிக்குடிகளின் வாய்மொழிகள் பலவற்றுக்கு இவ்வாறு மண்ணே சாட்சியாயிற்று.

அவ்வாய்மொழிக்கு உரியவர் கற்கள் எங்கே? சண்டையில் வென்றவர் யுத்தத்தில் தோற்றனர். மறு ஆண்டே, 1877இல், கருங்குன்றுகள் சட்டத்தால் பறிக்கப்பட்டன. இறந்த தம்மவர் உடல்களை உறவினர் எடுத்துச் சென்றனர். அவர் வீழ்ந்த இடங்களிற் கற்களைக் குவித்து வைத்தனர். அக்குவியல்களைப் படிக்க அறிந்தவர் சிலரே. சரித்திரத்தை எழுதுவோர் சண்டையில் வென்றவரல்லர். நிலத்தைக் கைக்கொண்டவரே என்பது இங்கே தெளிவாகும்.

ஆயினும் ஒரு பக்கம் முற்றும் நல்லோர், மறு பக்கம் முற்றும் தீயோர் எனப் பிரித்தலும் பொருந்தாது. லக்கோற்றா மக்களாற் பல காலம் நெருக்குண்ட குரோ இனத்தாரும் அறிக்காறா இனத்தாரும் கஸ்ரருக்கு வழிகாட்டிகளாய் வந்தவர்களே.

1980இல் கருங்குன்றுகளுக்காகப் பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை அமெரிக்க உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. லக்கோற்றா மக்கள் பணத்தை ஏற்கவில்லை; நிலத்தையே கேட்டனர். 1991இல் இயற்றிய சட்டம், கஸ்ரர் பெயரால் வழங்கிய களத்துக்கு ஆற்றின் பெயரைச் சூட்டியது. 1999இல் ஆதிக்குடி வீரர் வீழ்ந்த இடங்களிலே செந்நிறக் கருங்கற்கள் நாட்டப்படலாயின. முதலிற் கல் பெற்றோருள் செயென் தலைவர் 'முட வெள்ளை மனிதர்' ஒருவர்.

எனவே, இளைஞர்களே, எந்த நினைவுக்கல்லின் முன் நின்றாலும் அதன் வாசகத்தோடு அது நாட்டப்பட்ட ஆண்டையும் படியுங்கள். நாட்டியவர் யாரெனக் கேளுங்கள். அருகே கல்லின்றிக் கிடப்பவர் யாரென்றும் கேளுங்கள்.

2003 யூன் 25ஆந் திகதி ஆதிக்குடிகளின் நினைவாலயம் அங்கே திறக்கப்பட்டது. வட்டமான அம்மண்மதிலில், குதிரைப்படையின் தூணுக்கு நேரே, ஓர் இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அதற்கு ஆவிகளின் வாயில் என்று பெயர். தம்மை அழிக்க வந்து மாண்டவரின் ஆவிகளும் உள்ளே வரட்டும் என்பதற்காக அது திறந்தே இருக்கிறது.