பாமினி கற்றுத்தந்த பாடம்

வீட்டுப் பழைய கொம்பியூட்டரில் பாமினியில் அடித்த கடிதம் ஏதும் கிடந்தால் திறந்து பாருங்க. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே தெரியாது, வெறும் ஆங்கில எழுத்துதான். 'கொ' அடிக்க கொம்பு, க, அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று தட்டு. எழுத்தோட தோற்றத்தைத்தான் சேமித்தோம். 1991இல் வந்த யூனிகோட் முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்று சேமித்தது. கொம்பை இடப்பக்கம் வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலையாச்சு.

இணையச் செயலிகளுக்கும் இதே கதைதான். தரவு வேறு, காட்சி வேறு என்று 1979இலேயே நோர்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக், செரொக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எழுதிவைத்தார். 1994இல் நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல், ஒரு பொருளை மாற்றாமல் அதன்மேல் இன்னொன்றைப் போர்த்தும் முறையை டெக்கரேட்டர் என்றது. ரூபி ஆன் ரெயில்ஸில் இதற்கென்றே ஒரு நிரல்தொகுப்பு வந்தது. பெயர் 'டிரேப்பர்', துணி வியாபாரி!

நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்துக்கு நாம ஒரு செயலி எழுதுறோம்னு வைங்க. மாடலில் திகதி ஒன்றுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் காட்ட மூன்று டெக்கரேட்டர் போதும். மாடலுக்குள்ளேயே தமிழில் 'தை 5' என்று எழுதிவைத்தால், பிறகு திகதிவாரியாக அடுக்கவும் ஏலாது, சிங்களத்தில் காட்டவும் ஏலாது. பாமினிக் கடிதத்துக்கு நடந்ததுதான் அதுக்கும் நடக்கும்.