முழங்கால் வலியும் நீதிமன்றமும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ஊன இழப்பீட்டு மேல்முறையீடுகள்

படைப்பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ முன்னாள் படைவீரருக்கு அமெரிக்க அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை ஊன இழப்பீடு எனப்படும். கையையோ காலையோ இழந்தவரின் ஊனம் கண்ணுக்குத் தெரியும். முழங்கால், தோள், இடுப்பு மூட்டுகளின் நிலை அப்படியன்று. கனத்த மூட்டையைச் சுமந்து நடந்ததும் வான்குடையில் குதித்ததும் பல ஆண்டுகள் கழித்தே மூட்டுத் தேய்மானமாக வெளிப்படலாம். அது பணியால் வந்ததா, வயதால் வந்ததா என்ற கேள்வி அப்போது எழும். எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். வலியே ஊனமாகுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது 2018இல்தான்.

மூடியிருந்த கதவு

1933இல் பெருமந்தக் காலச் சிக்கனச் சட்டம் ஒன்று படைவீரர் இழப்பீட்டைப் பற்றிய நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று வகுத்தது. அதே ஆண்டில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் அமைக்கப்பட்டது. ஆனால் அதுவும் அதே நிர்வாகத்தின் ஓர் அங்கமே. வாரியம் மறுத்துவிட்டால் நீதிமன்றம் செல்ல வழியில்லை.

வழக்கறிஞர் உதவியும் அரிது. 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கோரிக்கைக்கு 10 டாலருக்கு மேல் கட்டணம் பெறக்கூடாது. உள்நாட்டுப் போரில் ஊனமுற்றவர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காக்க வந்த விதி அது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அத்தொகை உயரவில்லை. 10 டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? ஆயினும் 1985இல் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. முன்னாள் படைவீரர் சங்கங்களின் தொண்டர்கள் இலவசமாக வாதாடியதே பலருக்கு இருந்த ஒரே துணை.

1988இல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, வாரியத்தின் முடிவுகளை ஆராயத் தனி நீதிமன்றம் ஒன்றை நிறுவியது. அது 1990இல் வழங்கிய கில்பர்ட் எதிர் டெர்வின்ஸ்கி தீர்ப்பு, சான்றுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்ற சட்டவிதியை விளக்கியது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தும் ஓடுபவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் ஓடுபவரே வென்றதாகக் கொள்ளும் தெருவிளையாட்டு வழக்கத்தை நீதிமன்றம் இதற்கு உவமையாகக் காட்டியது.

பாகைக் கணக்கு

மூட்டு ஊனத்துக்கான விழுக்காடு பெரும்பாலும் அது எத்தனை பாகை மடங்குகிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவர் இதற்குப் பயன்படுத்தும் கருவி, மாணவர்களின் பாகைமானியில் இரண்டு நீண்ட கைகளைப் பொருத்தியது போல இருக்கும். முழங்கால் இயல்பாக 140 பாகை வரை மடங்கும் என்பது கணக்கு. 45 பாகைக்கு மேல் மடங்காவிட்டால் 10 விழுக்காடு, 30க்கு மேல் மடங்காவிட்டால் 20, 15க்கு மேல் மடங்காவிட்டால் 30. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு 100 பாகை வரை மடக்கிக் காட்டுபவருக்கு இந்தப் பட்டியலின்படி எதுவும் கிடையாது. மருத்துவர் முன் வீரத்தைக் காட்டியவர் வீட்டில் படியேற முடியாதவராக இருக்கக்கூடும்.

வலியால் ஏற்படும் செயலிழப்பையும் கருத வேண்டும், வலியுடன் அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச இழப்பீட்டு விழுக்காடாவது தர வேண்டும் என்று விதிகளிலேயே உண்டு. நடைமுறையில் அளவீட்டு எண்ணே முந்திக்கொண்டது. இதைச் சரிசெய்ய முயன்ற தீர்ப்புகளில் முதன்மையானது 1995ஆம் ஆண்டு டெலூகா எதிர் பிரவுன். வலி, தளர்ச்சி, களைப்பு ஆகியவற்றால் அசைவு மேலும் எவ்வளவு குறைகிறது என்பதை இயன்றவரை பாகைக் கணக்கிலேயே மருத்துவர் எழுத வேண்டும் என்றது அது. 2011இல் மிட்செல் வழக்கு எதிர்ப்பக்க எல்லையை வகுத்தது: அசைக்கும்போதெல்லாம் வலிக்கிறது என்பது மட்டும் போதாது, அவ்வலி மூட்டின் செயலைக் குறைக்க வேண்டும். 2016இல் வந்த கொரேயா தீர்ப்பு, உடல் எடையைத் தாங்கும்போதும் தாங்காதபோதும், நோயாளி தாமே அசைக்கும்போதும் மருத்துவர் பிடித்து அசைக்கும்போதும் வலியைச் சோதிக்கச் சொன்னது. மூட்டுவலி சில நாள்களில் திடீரென மிகும். பரிசோதனை நாளில் அதை நேரில் காணவில்லை என்பதற்காக மருத்துவர் கருத்துச் சொல்லாமல் விடக்கூடாது, நோயாளியைக் கேட்டு மதிப்பிட வேண்டும் என்று 2017இல் ஷார்ப் வழக்கு தெளிவாக்கியது.

சாண்டர்ஸ் வழக்கு

இவை யாவும் விழுக்காட்டைப் பற்றியவை. நோயின் பெயரே இல்லாத வலி இழப்பீட்டுக்கு உரியதா என்ற அடிப்படைக் கேள்வியில் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று தடையாக நின்றது. அடிப்படை நோய் கண்டறியப்படாத வெறும் வலி ஊனமாகாது என்றது அது. தரைப்படையில் பணியாற்றிய பெண் ஒருவரின் முழங்கால் வலிக் கோரிக்கை இதே காரணத்தால் வாரியத்திலும் படைவீரர் நீதிமன்றத்திலும் தோற்றது. அவருடைய வலி பணியோடு தொடர்புடையது என்று பரிசோதித்த மருத்துவரே எழுதியிருந்தும் பயனில்லை.

2018 ஏப்ரலில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சாண்டர்ஸ் எதிர் வில்கி வழக்கில் இந்நிலைப்பாட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தில் ஊனம் என்ற சொல் செயல்திறன் குறைவைச் சுட்டுகிறதே தவிர அதன் அடிக்காரணத்தை அன்று என்பது அதன் விளக்கம். சம்பாதிக்கும் ஆற்றலைக் குறைக்கும் அளவுக்குச் செயலைத் தடுக்கும் வலி, நோய்ப்பெயர் இல்லாவிட்டாலும் ஊனமே. வலி என்று சொன்னால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. பணியோடு தொடர்பும் செயலிழப்பும் காட்டப்பட வேண்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் உயர்நிலை மறுஆய்வு, புதிய சான்றுடன் கூடிய கூடுதல் கோரிக்கை, வாரிய மேல்முறையீடு என மூன்று வழிகளைத் தந்தது. ஆனால் நீதிமன்றங்கள் வகுத்த பரிசோதனை விதிகளுக்கு ஒரு விலையும் உண்டு. மருத்துவர் அறிக்கையில் ஒரு விவரம் விடுபட்டாலும் வழக்கு மறுபரிசோதனைக்காகத் திரும்பிச் செல்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்காக வாதாடுபவர்களில் பலர் முதியவர்கள். கோரிக்கையாளர் இறந்தால் அவருடைய கோரிக்கையும் அத்துடன் முடிந்துவிடுவதே பழைய விதி. குடும்பத்தார் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வாழ்க்கைத்துணை போன்ற தகுதியுள்ள உறவினர் அவருடைய இடத்தில் நின்று அதே வழக்கைத் தொடர முடிகிறது.